பாதுகாப்பு விற்க வருகிறார்கள், பத்திரம்!

காலை பதினோரு மணி. முதல் ஷிப்டுக்குப் போனவர்கள் மில்லுக்குள் இருக்கிறார்கள். இரவு ஷிப்டு முடித்து வந்தவர்கள் அசந்து தூங்குகிறார்கள். கிராமத்திலோ நடவுக்கும் களையெடுப்புக்கும் போன பெண்கள் இன்னும் கரையேறவில்லை. வீட்டில் இருப்பது யார்? கண் மங்கிய பாட்டி, பிள்ளை பெற்று ஒரு மாதமேயான மருமகள், தொட்டிலில் ஒரு குழந்தை. அவ்வளவுதான்.

அந்த நேரம் பார்த்துத்தான் அவர்கள் தெருவுக்குள் நுழைகிறார்கள். இருவர் அல்லது மூவர். ஒரே நிறத்தில் சட்டை. கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை. தோளில் ஒரு பை. கையில் ரசீதுப் புத்தகம் போல ஒன்று.

"அம்மா, கேஸ் கம்பெனியிலிருந்து வர்றோம். சேஃப்டி செக்கிங். அடுப்பைக் காட்டுங்க!"

கேட்பது அனுமதியல்ல, கட்டளை. பாட்டி விலகி நிற்கிறாள். அவர்கள் அடுப்படிக்குள் போய்விடுகிறார்கள். குழாயை வளைத்துப் பார்க்கிறார்கள். உதட்டைப் பிதுக்குகிறார்கள். ஒருவன் லைட்டரைக் கொளுத்திக் குழாயருகே கொண்டு போகிறான். பக்கென்று ஒரு சுடர் எழுந்து அணைகிறது. "பார்த்தீங்களா! இன்னிக்கு ராத்திரி வீடே வெடிச்சிருக்கும்!" என்கிறான். பாட்டிக்குக் கைகால் உதறுகிறது. மருமகள் தொட்டிலைப் பார்க்கிறாள். பையிலிருந்து ஒரு குழாயும் பளபளவென்று ஒரு கருவியும் வெளியே வருகின்றன. விலை ஆயிரத்து ஐந்நூறு. சில தெருக்களில் இரண்டாயிரம். "இதை மாட்டாட்டி இன்சூரன்ஸ் கிடையாது. அடுத்த சிலிண்டர் வராது." அரிசிப் பானைக்குள் முடிந்து வைத்திருந்த பணம் கைமாறுகிறது. அவர்கள் அடுத்த வீட்டுக்குப் போகிறார்கள்.

சாயங்காலம் மகன் ஷிப்டு முடிந்து வருகிறான். பழைய குழாயை எடுத்துப் பார்க்கிறான். பிளேடால் கீறியது போல நேர்கோட்டில் ஒரு வெட்டு! ஏஜென்சிக்குப் போய்க் கேட்டால், "நாங்கள் யாரையும் அனுப்பவில்லையே" என்கிறார்கள். ரசீதில் உள்ள நம்பருக்குப் போன் போட்டால் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது.

தோழர்களே, இது நாம் புனைந்த கதையல்ல. மில் தொழிலாளர் குடியிருப்புகளிலும், விவசாயத் தொழிலாளர் வாழும் தெருக்களிலும் வேஷம் மாறி, விலை மாறி, திரும்பத் திரும்ப நடக்கும் சங்கதி. ஒரு வார நடவுக் கூலி ஐந்து நிமிஷத்தில் போய்விடுகிறது. போனது பணம் மட்டும்தானா? இல்லை. அந்தப் பாட்டி அன்றைக்குப் பிறகு தன் வீட்டிலேயே குற்றவாளி போல ஒடுங்கி உட்கார்ந்திருக்கிறாள். "உனக்கு அறிவில்லையா, யாரைக் கேட்டு உள்ளே விட்டாய்?" என்று நாமும் சேர்ந்து அவளைக் குதறுகிறோம். ஏமாற்றியவன் போய்விட்டான், ஏமாந்தவள் மேல் வழக்கு நடக்கிறது! இது என்ன நியாயம்?

வித்தையின் சூட்சுமம்

தெருவுக்குச் சேலை மூட்டை சுமந்து வருகிறவர் இருக்கிறார். பாத்திரம் விற்பவர், பாய் விற்பவர், கத்தி சாணை பிடிப்பவர் இருக்கிறார்கள். வெயிலில் நடந்து வயிறு கழுவுகிற நம் வர்க்கத்து மக்கள் அவர்கள். அவர்கள் விற்பதை நாம் தொட்டுப் பார்க்கலாம், பேரம் பேசலாம், வேண்டாம் என்று அனுப்பலாம். அடுத்த மாதமும் அதே முகம் அதே தெருவுக்கு வரும்.

இவர்கள் விற்பது வேறு சரக்கு. இவர்கள் விற்பது பயம். முதலில் பயத்தை இலவசமாகக் கொடுக்கிறார்கள். பிறகு அதற்கு மருந்தை விலைக்குத் தருகிறார்கள். இந்த வித்தை நான்கு கால்களில் நிற்கிறது.

முதல் கால், சர்க்கார் வேஷம். ஏழை ஜனங்கள் சட்டையையும் அட்டையையும் பார்த்து நடுங்கும்படி நூற்றாண்டுக் கணக்கில் பழக்கப்படுத்தப்பட்டிருக்கிறார்கள். தாலுகா ஆபீஸ் பியூனைக் கண்டாலே எழுந்து நிற்கும் ஜனங்களிடம் "கம்பெனி செக்கிங்" என்றால் போதாதா?

இரண்டாவது கால், கண்கட்டு வித்தை. பர்னரை லேசாகத் திறந்து விட்டு, குழாயருகே லைட்டரைக் காட்டினால் யார் வீட்டிலும் சுடர் எழும். தவிர, கசிவைக் கண்டுபிடிக்க நெருப்பைக் காட்டுவது எந்த மெக்கானிக்கின் முறையும் அல்ல. சோப்பு நீரைத் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்ப்பதே முறை. உங்கள் அடுப்படியில் கேஸ் கசிவைத் தேட ஒருவன் லைட்டரைக் கொளுத்தினால், அந்தக் கணமே அவன் யார் என்பது தெரிந்துவிட்டது!

மூன்றாவது கால், அவசரம். "இன்னிக்கு மட்டும்தான்", "மத்த வீட்டிலெல்லாம் வாங்கிட்டாங்க" என்று யோசிக்க நேரம் தராமல் விரட்டுவது.

நான்காவது கால், தனிமை. ஆள் இல்லாத நேரம், ஆள் இல்லாத வீடு. இந்த நான்காவது காலை நாம் ஒடித்துவிட்டால் மற்ற மூன்றும் தாமே சரிந்துவிடும். அதைப் பிறகு பேசுவோம்.

உண்மை என்ன?

நம் வீட்டுக்கு 14.2 கிலோ சிலிண்டர் தருகிற இண்டேன், பாரத் கேஸ், எச்.பி. ஆகிய மூன்றும் பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்களுடையவை. குழாயையும் அடுப்பையும் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை முறையாகச் சோதிக்க வேண்டும் என்பது விதி. அந்தச் சோதனைக்கு வருகிறவர் உங்கள் ஏஜென்சியின் மெக்கானிக். அதற்கு நிர்ணயமான கட்டணம் உண்டு. ஏஜென்சியின் பெயரில் ரசீது உண்டு. அது தவிர, அண்மை ஆண்டுகளில் சிலிண்டர் கொண்டு வருகிற தொழிலாளர்களைக் கொண்டே இலவசமாக அடிப்படைச் சோதனை செய்யும் இயக்கத்தையும் இந்த நிறுவனங்கள் நடத்தின. பை நிறையச் சாமான்களோடு தெருத் தெருவாக விற்பனைக்கு ஆள் அனுப்புவது இந்த முறையில் சேராது.

சிலிண்டருக்கும் ரெகுலேட்டருக்கும் நடுவில் மாட்டச் சொல்லும் "சேஃப்டி கருவி", "கேஸ் மிச்சக் கருவி" என்பவை என்ன? இவற்றை விற்க எண்ணெய் நிறுவனங்கள் யாருக்கும் அதிகாரம் கொடுக்கவில்லை. சிலிண்டரின் வால்வும் ரெகுலேட்டரும் ஒன்றுக்கொன்று பொருந்தும்படி செய்யப்பட்டவை. நடுவில் மூன்றாவதாக ஒன்றைச் செருகினால் ஓர் இணைப்பு இருந்த இடத்தில் இரண்டு இணைப்புகள் ஆகின்றன. ஒவ்வொரு இணைப்பும் கசிவுக்கு ஒரு வாசல். பாதுகாப்பு என்று காசு கொடுத்து ஆபத்தையல்லவா வாங்கி மாட்டுகிறோம்!

இன்சூரன்ஸ் விஷயத்தில் சொல்வதும் பச்சைப் பொய். பதிவு பெற்ற கேஸ் இணைப்பு உள்ள வீட்டில் சிலிண்டர் விபத்து நடந்தால் நஷ்டஈடு தருவதற்கு எண்ணெய் நிறுவனங்களே பாலிசி எடுத்து வைத்திருக்கின்றன. நம்மிடம் தனியாகப் பிரீமியம் வாங்குவதில்லை. உயிரிழப்புக்கு ஒருவருக்கு 6 லட்சம் ரூபாய், சிகிச்சைக்கு ஒருவருக்கு 2 லட்சம் வரை, பதிவு செய்த வீட்டில் சொத்துச் சேதத்துக்கு 2 லட்சம் வரை என்று அதில் வகை செய்திருக்கிறது. விபத்து நடந்தால் உடனே ஏஜென்சிக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். மற்றதை அவர்கள் கம்பெனிக்கும் இன்சூரன்ஸ்காரர்களுக்கும் தெரிவிக்க வேண்டும். வாசலில் வந்தவனிடம் கருவி வாங்கவில்லை என்பதற்காக இந்த உரிமை ரத்தாவதில்லை. இப்படி ஒரு பாலிசி இருப்பதே நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? நமக்குத் தெரியாத உரிமையைத்தான் அவன் நம்மிடமே விலைக்கு விற்கிறான்.

பயம் பொய்யல்ல

"கேஸ் வெடிக்கவில்லையா? குடிசை எரியவில்லையா? பயப்படுவது தப்பா?" என்று தாய்மார்கள் கேட்கலாம். தப்பே இல்லை. ஆபத்து நிஜமானது. அதனால்தான் பொய் விலை போகிறது.

2007ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டில் சர்க்கார் இலவச கேஸ் அடுப்பு கொடுத்தது. 2016இல் தொடங்கிய மத்திய சர்க்காரின் உஜ்வலா திட்டத்தில் நாடு முழுவதும் 10 கோடிக்கு மேற்பட்ட இணைப்புகள் தரப்பட்டன. விறகுப் புகையில் கண்ணைக் கசக்கிய பெண்களுக்கு இது பெரிய விடுதலை. ஆனால் அடுப்பைக் கொடுத்தவர்கள் அதைப் பாதுகாப்பாகப் பயன்படுத்தும் விதத்தை உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தார்களா? ஒரே அறையில் சமையல், படுக்கை, சாமி படம், சிலிண்டர் எல்லாம் இருக்கிற வீடுகளுக்கு வந்து பார்த்தார்களா? பல இடங்களில் ஒரு துண்டுக் காகிதத்தோடு கடமை முடிந்தது. அவர்கள் விட்டுவிட்டுப் போன அந்த வெற்றிடத்தில்தான் இந்த ஏமாற்றுக்காரன் பையைத் தூக்கிக்கொண்டு நுழைகிறான்.

ஆகவே நாமே தெரிந்துகொள்வோம். இவற்றுக்குக் காசு தேவையில்லை.

கேஸ் காற்றை விடக் கனமானது; கசிந்தால் மேலே போகாது, தரையில்தான் தேங்கும். ஆகவே அடுப்படியில் தரையோரமாகக் காற்றுப் போக வழி இருக்க வேண்டும். சிலிண்டரைப் படுக்க வைக்கக் கூடாது. நிமிர்த்தியே வைக்க வேண்டும். அடுப்பு சிலிண்டரின் மட்டத்தை விட உயரத்தில் இருக்க வேண்டும். குழாய் ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ளதாக இருக்கட்டும். ஏஜென்சியில் கிடைக்கும் ஆரஞ்சு நிறச் 'சுரக்ஷா' குழாய்க்கு ஆயுள் ஐந்து ஆண்டு. அதன் மேல் துணி, உறை எதையும் சுற்றக் கூடாது; சுற்றினால் வெடிப்பு கண்ணுக்குத் தெரியாது. இரவு படுக்குமுன் ரெகுலேட்டரை மூடிவிட்டுப் படுப்பதை வழக்கமாக்கிக் கொள்ளுங்கள்.

சிலிண்டர் வந்ததும் சீல் உடையாமல் இருக்கிறதா என்று பாருங்கள். எடை போட்டுக் காட்டச் சொல்லுங்கள். அது உங்கள் உரிமை. சிலிண்டரின் மேல்வளையத்தைத் தாங்கும் இரும்புப் பட்டையில் ஏ, பி, சி, டி என்ற எழுத்துகளில் ஒன்றும் இரண்டு எண்களும் இருக்கும். ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச் வரை. பி என்றால் ஏப்ரல் முதல் ஜூன் வரை. சி, டி என்பவை அடுத்தடுத்த மும்மாதங்கள். எண் ஆண்டைக் குறிக்கும். அந்தக் காலத்துக்குள் அந்தச் சிலிண்டரை மறுபடி சோதனைக்கு அனுப்பியாக வேண்டும். தேதி கடந்து வந்தால் திருப்பிக் கொடுங்கள்.

கேஸுக்கு இயற்கையில் நாற்றம் கிடையாது. கசிவு தெரிய வேண்டும் என்பதற்காகவே நாற்ற மருந்தைக் கலக்கிறார்கள். அந்த நாற்றம் வந்தால் விளக்கு சுவிட்சைப் போடாதீர்கள், அணைக்கவும் செய்யாதீர்கள். தீக்குச்சி கூடாது. ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து, குழந்தைகளை வெளியே கொண்டு போங்கள். வெளியே வந்த பிறகு 1906 என்ற நம்பருக்குப் போன் செய்யுங்கள். கேஸ் கசிவு அவசரத்துக்கென்றே உள்ள நம்பர் அது.

சொல்லுங்கள், ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க் கருவி இதில் எதைச் செய்யும்?

கடல் கடந்தும் இதே கதை

இது நம் தெருவில் மட்டும் நடக்கிற மோசடி என்று நினைக்க வேண்டாம். பணக்கார நாடு என்று சொல்லப்படும் அமெரிக்காவில் திருடர் எச்சரிக்கை மணியும் கேமராவும் விற்க வீடு வீடாக ஆள் அனுப்புகிற பெரிய கம்பெனிகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று விவிண்ட். கடன் பெறத் தகுதியில்லாத வாடிக்கையாளர்களைச் சேர்ப்பதற்காக, சம்பந்தமே இல்லாத வேறு ஆட்களின் கடன் விவரங்களை அதன் விற்பனையாளர்கள் பயன்படுத்தினார்கள் என்று அந்நாட்டு வர்த்தகக் கமிஷன் குற்றம் சாட்டியது. 2021இல் 2 கோடி டாலர் கட்ட அந்தக் கம்பெனி சம்மதித்தது. போட்டிக் கம்பெனியின் ஆட்கள் போலப் பேசி அதன் வாடிக்கையாளர்களை ஏமாற்றினார்கள் என்ற இன்னொரு வழக்கில், 2023இல் நடுவர் குழு ஏறத்தாழ 19 கோடி டாலர் விதித்தது. "உங்கள் பழைய கம்பெனியிலிருந்துதான் வருகிறோம்" என்பது அங்கே உள்ள பேச்சு. "கேஸ் கம்பெனியிலிருந்து வர்றோம்" என்பது இங்கே உள்ள பேச்சு. பாஷை வேறு, வித்தை ஒன்று!

அங்கே 1972இல் ஒரு விதி இயற்றினார்கள். வீட்டு வாசலில் வந்து விற்ற பொருளை, குறிப்பிட்ட தொகைக்கு மேற்பட்டதாக இருந்தால், மூன்று வேலை நாளுக்குள் வாங்கியவர் ரத்து செய்யலாம். வாசலில் நின்று அவசரப்படுத்தி விற்பது நியாயமான வியாபாரமல்ல என்பதை வியாபாரிகளின் நாடே ஒப்புக்கொண்டதற்கு இது சாட்சி.

வந்தவன் யார்?

இங்கே நாம் ஒரு விஷயத்தை நிதானமாக யோசிக்க வேண்டும். வாசலில் நிற்கும் அந்த இளைஞன் யார்? சில சமயம் அவன் திருடனேதான். சோதனை என்று உள்ளே வந்து கிழவியின் கழுத்துச் சங்கிலியை நோட்டம் பார்ப்பவன். நகைக்குப் பாலிஷ் போடுகிறேன் என்று தங்கத்தைத் திராவகத்தில் கரைத்துக்கொண்டு போகிறவனின் கூட்டாளி. ஆனால் பல சமயம் அவன் படித்துவிட்டு வேலையில்லாமல் அலைந்த ஒரு பையன். மாதச் சம்பளம் இல்லை. விற்றால் கமிஷன், விற்காவிட்டால் பட்டினி. அவன் வாயில் அந்தப் பொய்யை வைத்தவன் வேறு எங்கோ நிழலில் உட்கார்ந்திருக்கிறான். கருவியை மொத்தமாக மலிவு விலைக்கு வாங்கி, பத்துப் பையன்களைப் பத்துத் தெருவுக்கு அனுப்பிவிட்டுச் சாயங்காலம் கணக்குப் பார்க்கிறவன் அவன். பிடிபட்டால் பையன் ஜெயிலுக்குப் போவான்; முதலாளி ஊரை மாற்றிக்கொள்வான்.

ஆகவே பிடித்தவனை அடிக்கக் கூடாது. இதை நாம் அழுத்திச் சொல்கிறோம். 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில் என்ன நடந்தது? பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்ற வதந்தியை நம்பிய கூட்டம், கோயிலுக்குப் போக வழி தேடி வந்த குடும்பத்தைத் தாக்கியது. குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்த 65 வயது மூதாட்டி அடித்துக் கொல்லப்பட்டார். அவர் யாருடைய பிள்ளையையும் பிடிக்க வரவில்லை. அந்த ரத்தம் நம் நினைவை விட்டுப் போகலாமா? வேற்று பாஷை பேசுகிறான், வேற்று முகமாக இருக்கிறான் என்பதற்காகச் சந்தேகப்பட்டால், நம்மோடு பக்கத்துத் தறியில் நிற்கிற வடநாட்டுத் தொழிலாளியைத்தான் முதலில் அடிப்போம். நல்ல தமிழ் பேசிக்கொண்டு வருகிற ஏமாற்றுக்காரனுக்கு நாற்காலி போட்டு உட்கார வைப்போம். ஆளின் முகத்தைச் சந்தேகிக்காதீர்கள். அவன் சொல்கிற சரக்கைச் சந்தேகியுங்கள்.

என்ன செய்ய வேண்டும்?

ஒன்று. கதவை முழுக்கத் திறக்காமல் ஒரு கேள்வி கேளுங்கள்: "எங்கள் கன்ஸ்யூமர் நம்பர் என்ன, சொல்லுங்கள்!" ஏஜென்சி அனுப்பிய மெக்கானிக் கையில் உங்கள் பெயரும் நம்பரும் இருக்கும். ஏமாற்றுக்காரனோ உங்களிடமே கேஸ் புத்தகத்தைக் கேட்பான். கொடுக்காதீர்கள். போனில் வருகிற ரகசிய எண்ணையும் சொல்லாதீர்கள்.

இரண்டு. ஏஜென்சிக்குப் போன் செய்யுங்கள். அவன் அட்டையில் உள்ள நம்பருக்கல்ல. கேஸ் புத்தகத்தில் உள்ள நம்பருக்கு. நிஜமானவர் காத்திருப்பார். பொய்யர் "நேரமில்லை" என்று நகர்வார்.

மூன்று. "சாயங்காலம் ஆறு மணிக்கு வாருங்கள், எல்லோரும் இருப்போம்" என்று சொல்லுங்கள். இந்த ஒரு வார்த்தைக்கு முன்னால் எந்த வித்தையும் நிற்காது. நேரடி விற்பனை பற்றி மத்திய சர்க்கார் 2021இல் கொண்டுவந்த விதிகளும், விற்பனையாளர் அடையாள அட்டையும் முன் அனுமதியும் இல்லாமல் நுகர்வோர் வீட்டுக்குப் போகக் கூடாது என்றே சொல்கின்றன. "முன்பே சொல்லிவிட்டு வா" என்பது மரியாதைக் குறைவல்ல, சட்டம்.

நான்கு. ஏமாந்துவிட்டால் மூடி மறைக்காதீர்கள். வெட்கப்பட வேண்டியது நாமல்ல. அன்றைக்கே தெருவுக்குச் சொல்லுங்கள். அடுத்த பத்து வீடு தப்பும். போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்து ரசீது வாங்குங்கள். 1915 என்பது நுகர்வோர் புகார் நம்பர். மாவட்ட நுகர்வோர் கமிஷனில் 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை. வக்கீல் வைத்தே தீர வேண்டும் என்பதும் இல்லை. ஆனால் வழக்குப் போடப் பெயரும் ரசீதும் வேண்டும். ரசீது தராதவனுக்கு ஒரு காசும் தராதீர்கள்.

ஐந்து. நான்காவது காலை ஒடிப்போம் என்றோமே, அது இதுதான். தெருவில் பகலில் இருப்பவர்கள் ஒரு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். அந்நியர் யார் வீட்டு அடுப்படிக்குள் போவதானாலும் பக்கத்து வீட்டார் இரண்டு பேர் வந்து நிற்க வேண்டும். ஒரு குரல் கொடுத்தால் நான்கு கதவு திறக்க வேண்டும். ரேஷன் கடைச் சுவரிலும் மில் கேட்டிலும் ஏஜென்சியின் போன் நம்பரையும் 1906ஐயும் எழுதி வையுங்கள். களத்துமேட்டில் கஞ்சி குடிக்கும் நேரத்தில் இதைப் பேசுங்கள்.

இத்தோடு நம் வேலை முடியவில்லை. ஏஜென்சிகளையும் எண்ணெய் நிறுவனங்களையும் நாம் கேட்க வேண்டியது இருக்கிறது. சோதனைக்கு வரும் நாளை முன்கூட்டி ரேஷன் கடையில் அறிவிக்க வேண்டும். தொழிலாளர் வீட்டில் இருக்கிற மாலை நேரத்திலும் ஞாயிற்றுக்கிழமையிலும் வர வேண்டும். ஏழைகளுக்குக் குழாயை இலவசமாக மாற்றித் தர வேண்டும். ஊர்ப் பொதுவிடத்தில் அடுப்பை வைத்துப் பெண்களுக்குச் செய்து காட்ட வேண்டும். நாம் வாங்கும் ஒவ்வொரு சிலிண்டருக்கும் காசு கொடுக்கிறோம், இது பிச்சையல்ல. இதற்கு ஐம்பது கையெழுத்தோடு ஒரு மனு போதும், முதல் அடி வைக்க.

இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் முதல் காரியமாக ஒன்று செய்யுங்கள். குழாயை நீங்களே ஒருமுறை தடவிப் பாருங்கள். சோப்பு நீரை வைத்து எப்படிச் சோதிப்பது என்று பாட்டிக்குக் காட்டுங்கள். முன்பு ஒருமுறை ஏமாந்திருந்தால், அதைச் சொல்லிக் காட்டாதீர்கள். வாசலில் அடுத்த முறை ஒருவன் வந்து "செக்கிங்" என்று அதட்டும்போது, அந்தப் பாட்டி நிமிர்ந்து நின்று, "எங்க நம்பரைச் சொல்லு பார்ப்போம், தம்பி!" என்று கேட்க வேண்டும். அவள் குரல் கேட்டு எதிர்வீட்டுக் கதவு திறக்க வேண்டும்.

எந்தக் கம்பெனியும் விற்க முடியாத பாதுகாப்பு அது.